கொஞ்ச நாளைக்குக் கேட்டைப் பூட்டுங்கள், டீச்சர்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாலக்கோடு பக்கம் எங்கள் தோட்டத்தில் சும்மா கிடந்த பட்டுப்புழு மனையைச் சுத்தம் செய்து, ஆதரவில்லாத பூனைகளை வைத்துப் பராமரித்து வருகிறோம். என்னோடு சேர்த்து ஆறு பேர். யாருக்கும் சம்பளம் கிடையாது. காலையில் இரண்டு பேர், மாலையில் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம் வேலை செய்கிறோம். மனை முப்பதுக்கு இருபது அடி. இப்போது 43 பூனைகள் இருக்கின்றன. போன மாதம் யாரோ அட்டைப்பெட்டியில் ஐந்து குட்டிகளைக் கேட்டருகே வைத்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் அதில் ஒன்று வாந்தி எடுத்தது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே இருந்தது, ஆனால் குடிக்கவில்லை. மறுநாள் இறந்துவிட்டது. அப்புறம் பத்து நாளில் ஒன்பது குட்டிகள் போய்விட்டன. காலையில் வருகிறவர்கள் முதலில் நோய்க் குட்டிகளைக் கவனித்துவிட்டுத்தான் மற்ற வேலைக்கே போவார்கள், அவ்வளவு அக்கறையாகப் பார்த்தோம். தினமும் பினாயில் போட்டுக் கழுவுகிறோம். பெரிய பூனை ஒன்றுக்கு உடம்பு சுடுகிறது என்று ஒரு தம்பி கால் மாத்திரை பாரசிட்டமால் கொடுத்தான். அது முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி இறந்தது. முன்பே வந்த குட்டி ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி நடக்கிறது, அதற்கும் இதே நோயா? எங்களில் ஒரு பெண் மூன்று மாதக் கர்ப்பம். பூனை பக்கமே போகக்கூடாது என்கிறார்கள் வீட்டில். நாங்கள் என்ன தப்பு செய்தோம்? பேசாமல் மூடிவிடலாமா?
(பெயர் வேண்டாம், தருமபுரி மாவட்டம்)

பதில்: வணக்கம் டீச்சர். காப்பகத்தை மூட வேண்டாம். கேட்டை மட்டும் பூட்டுங்கள், இன்றைக்கே. கடைசியாக ஒரு குட்டி நோயில் விழுந்த நாளிலிருந்து குறைந்தது பதினான்கு நாள் புதிதாக ஒரு பூனையும் உள்ளே வரக்கூடாது. உள்ளே இருப்பதையும் யாருக்கும் வளர்க்கக் கொடுக்கக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. பூனைப் பார்வோ என்று நாங்கள் பேச்சில் சொல்லும் பேன்லூக்கோபீனியா வைரஸ் தாக்கிய குட்டி அப்படித்தான் உட்காரும். தாகம் இருக்கும், ஆனால் குமட்டல் குடிக்க விடாது. இந்த வைரஸ் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிப் போவதால் சாதாரணக் கிருமிகூட உள்ளே புகுந்து ஆளைச் சாய்த்துவிடும். தடுப்பூசி போடாத குட்டி ஒரே நாளில்கூடப் போய்விடும். உறுதி செய்துகொள்ள வேண்டுமா? நாய்களுக்குப் பார்வோ பார்க்கும் துரிதப் பரிசோதனை கிட் நாய், பூனை பார்க்கும் கிளினிக்குகளில் இருக்கும். பூனையின் மலத்தை வைத்து அதே கிட்டில் பார்க்கலாம். பெரும்பாலும் பிடித்துக் கொடுத்துவிடும். தனியாகப் பூனைக் கிட் தேடி அலைய வேண்டாம்.

வைரஸ் உடம்புக்குள் போய் நோய் வெளியே தெரிய இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதனால் பெட்டியில் வந்த குட்டி வரும்போதே கொண்டுவந்ததா, உங்கள் மனையில் ஏற்கெனவே இருந்ததைப் பிடித்துக்கொண்டதா என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தத் தள்ளாடும் குட்டியை வைத்துப் பார்த்தால் உங்கள் பக்கத்தில் இந்த வைரஸ் கொஞ்ச காலமாகவே சுற்றுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

என்ன தப்பு என்று கேட்டீர்கள். நோய்க் குட்டிகளை முதலில் கவனித்துவிட்டு மற்றதற்குப் போனதுதான் பெரிய தப்பு. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள், முடியாததை முதலில் பார்ப்பதுதானே மனுஷ சுபாவம். ஆனால் வாந்தி துடைத்த கை, அது பட்ட சுடிதார் நுனி, செருப்பு, துடைப்பம் எல்லாவற்றிலும் வைரஸ் ஏறி, நல்ல குட்டிகளின் கூண்டு வரைக்கும் நடந்தே போயிருக்கும். வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் ஆரோக்கியமான குட்டிகள், அடுத்து பெரிய பூனைகள், அப்புறம் புதிதாக வந்தவை, கடைசியாக நோயாளிகள். நோயாளிகளைப் பார்த்த பிறகு திரும்ப உள்ளே வரக்கூடாது. நேராக வீட்டுக்குப் போய்த் துணியை மாற்றிக் குளிக்க வேண்டியதுதான். முடிந்தால் நோய்க் குட்டிகளுக்கு என்று ஒரே ஆளை நியமியுங்கள். அவர் அந்த நாட்களில் மற்ற பூனைகளைத் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் உங்களுக்குப் புதிதில்லை. புழு வளர்த்த வீடுதானே உங்களுடையது? சாக்கி என்கிற இளம் புழுவைப் பெரிய புழுவோடு சேர்த்து வளர்ப்பார்களா? வெளியாளை மனைக்குள் விடுவார்களா? வாசலில் பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைக்காமல் உள்ளே போனால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? ஒரு பருவம் முடிந்ததும் இரண்டு சத பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு கலந்து மனை முழுக்க அடித்து, காயவிட்டுத்தான் அடுத்த முட்டை வாங்கப் போவார்கள். குட்டிகளைப் புழுவாக நினைத்து அந்தக் கட்டுப்பாடு அத்தனையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். புழுவுக்குத் தழை வைத்த அறை சும்மா இருந்தால் அதுவே புதிதாக வரும் பூனைகளுக்கான தனி அறை. இரண்டு வாரம் அங்கே இருந்து தேறிய பிறகுதான் மனைக்குள் வர வேண்டும்.

பினாயில் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. டெட்டால், ஸ்பிரிட்டு, கைக்குப் போடும் சானிடைசர் எதுவும் செய்யாது. தரையிலும் துணியிலும் ஒரு வருஷம் வரைக்கும் உயிரோடு கிடக்கும் ஜாதி இது. இதற்குக் கேட்பது பிளீச்சிங். லிட்டருக்கு 10 கிராம் புதுப் பிளீச்சிங் பவுடர் போதும். மூடி திறந்து ஆறு மாதம் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, வாங்கும்போதே பாருங்கள். முதலில் சோப்புத் தண்ணீரால் மலம், சிறுநீர், உணவுத் துணுக்கு எல்லாவற்றையும் தேய்த்து எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச்சிங் வேலை செய்யாது, சிறுநீரோடு சேர்ந்தால் கண்ணெரியும் வாயுவும் வரும். அப்புறம் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள். கழிவறைக் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே வாளியில் கலக்கவே கூடாது. இளைஞர்கள் 'ரெண்டும் சேர்ந்தா இன்னும் பவர்' என்பார்கள், கேட்காதீர்கள்.

மனையில் புழு கூடு கட்ட வைத்த பழைய சந்திரிகை, மூங்கில் தட்டு, சாக்கு ஏதாவது பூனைக்குப் படுக்கையாகக் கிடக்கிறதா? இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், பூனைக்கு அது ரொம்பப் பிடிக்கும். மூங்கில் இடுக்கில் ஒட்டியதை எந்த மருந்தாலும் எடுக்க முடியாது. கொளுத்திவிடுங்கள். தரை மண்ணாக இருந்தால் அந்தப் பகுதியில் ஒரு வருஷத்துக்குத் தடுப்பூசி முடியாத குட்டிகளை விட வேண்டாம். சிமெண்ட் பூச முடிந்தால் எந்தக் கூண்டு வாங்குவதற்கும் முன்னால் அந்தச் செலவைச் செய்யுங்கள்.

பினாயிலைப் பற்றி இன்னும் ஒன்று. பூனையின் கல்லீரலுக்கு ஃபீனால் வகை ரசாயனங்களை உடைத்து வெளியேற்றத் தெரியாது. பினாயில் தரையில் நடந்து, பாதத்தை நக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அந்தத் தம்பி கொடுத்த பாரசிட்டமால் விஷமானதும் கல்லீரலின் அதே குறையால்தான். கால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும், ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். நீங்கள் எழுதியதும் அதுதான். அந்தப் பூனையை வைரஸ் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மாத்திரையால் போனது. தம்பியைத் திட்டவும் வேண்டாம், வீட்டில் நமக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் கை போவது அந்த அட்டைக்குத்தான். இனி யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். அசிட்டைல் சிஸ்டீன் என்று மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் காப்பாற்றலாம். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து இறந்துவிடும்.

இப்போது உயிரோடு இருக்கும் பூனைகளைப் பற்றி. நோய் தெரியாத, நான்கு வாரம் தாண்டிய எல்லாவற்றுக்கும் உடனே தடுப்பூசி போட வேண்டும். ட்ரைகேட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பார்வோவும் பூனைச் சளி வைரஸ்கள் இரண்டும் அதில் அடக்கம். உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் என்பதால் சில நாளிலேயே பாதுகாப்பு வர ஆரம்பிக்கும். நோய் நடமாடும் காப்பகத்தில் குட்டிகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்து மாதம் ஆகும்வரை திரும்பப் போடுவோம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி எந்த வாரம் குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் இத்தனை தடவை. சினைப்பூனை இருந்தால் மட்டும் ஊசிக்கு முன் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைத்தால் ஐஸ் பெட்டியில் வர வேண்டும். வெயிலில் பஸ் டிக்கியில் வந்த ஊசியைப் போட்டும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

தப்பிப் பிழைத்த குட்டிகளை விட்டுவிடாதீர்கள். நோய் வந்து ஐந்து நாள் தாண்டியது பெரும்பாலும் தேறிவிடும், அதற்கு இந்த நோய் திரும்ப வராது. ஆனால் தேறிய பிறகும் ஆறு வாரம் வரை மலத்தில் வைரஸ் போகும், தனி அறையிலேயே இருக்கட்டும். சமையல்கட்டில் வைக்கும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கித் தினமும் ஒரே நேரத்தில் எல்லாக் குட்டிகளையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வாந்திக்கு முந்தின நாளே எடை நின்றுவிடும் அல்லது குறையும். அன்றைக்கே பிரித்துவிட்டால் பக்கத்துக் குட்டிகள் பிழைக்கும். காப்பகத்தில் ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் நான் அந்தத் தராசைத்தான் வாங்கச் சொல்வேன்.

தள்ளாடும் குட்டிக்கு வருவோம். அதன் தாய் சினையாக இருக்கும்போது இந்த வைரஸ் தாக்கியிருக்கும். வயிற்றிலேயே குட்டியின் சிறுமூளை வளராமல் போய்விடும். சாப்பிடப் போகும்போது தலை அதிகமாக ஆடும், தூங்கும்போது ஆட்டம் இருக்காது, பார்த்திருப்பீர்கள். அதற்கு வலி கிடையாது, ஆட்டம் அதிகமாகவும் ஆகாது, குறையவும் குறையாது. தொற்றும் அல்ல. கருணைக்கொலை செய்யச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தட்டையான கனமான கிண்ணம், மலம் கழிக்க விளிம்பு தாழ்ந்த மண் தொட்டி, ஏறி விழ வழியில்லாத மூலை, இவை இருந்தால் போதும். ஆனால் இதற்கும் மற்ற குட்டிகளைப் போலவே தடுப்பூசி வேண்டும்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக இருக்கப் போகும் விஷயம். முப்பதுக்கு இருபது என்றால் 600 சதுர அடி. கூட்டமாக வைக்கும்போது ஒரு பெரிய பூனைக்குக் குறைந்தது 18 சதுர அடி வேண்டும் என்பது காப்பக மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒரு அங்குலம் வீணாக்காமல் போட்டாலும் 33 பூனைதான். வேலைக்கும் கணக்கு உண்டு. ஒரு பூனைக்குத் தீனி வைக்க, இடத்தைச் சுத்தம் செய்ய நாளைக்கு 15 நிமிஷம். 43 பூனைக்குப் பத்தே முக்கால் மணி நேரம். உங்கள் நான்கு பேரும் சேர்ந்து தருவது நான்கு மணி நேரம். அதில் ஒழுங்காகப் பார்க்க முடிவது 16 பூனை. மீதி 27 பூனைக்கான வேலையை ஓடி ஓடி, கை கழுவாமல், கிண்ணத்தை அலசி மட்டும் வைத்துச் சமாளித்திருக்கிறீர்கள். வைரஸ் புகுந்தது அந்த இடைவெளியில்தான். வேலை செய்கிறவர்களும் ஒரு வருஷத்தில் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். அது யாருடைய குற்றமும் இல்லை.

அதனால் எண்ணிக்கையை இறக்க வேண்டும். உங்கள் ஆறு பேருக்கு இருபது பூனை நல்ல அளவு. நேரம் தருகிற ஆள் இன்னும் ஒருவர் வந்தால்தான் அதுவும் சௌகரியம். எப்படி இறக்குவது? உள்ளே இருப்பதில் பாதியாவது தெருவிலோ மண்டியிலோ யாரோ சோறு வைக்க, பிழைத்துக்கொண்டிருந்த பெரிய பூனைகளாக இருக்கும். நோய்க் காலம் முடிந்ததும் கருத்தடை செய்து, காது நுனியை அடையாளத்துக்கு வெட்டி, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். இடம் ஆபத்தானது என்றால் மட்டும் வேறு இடம் பாருங்கள். உங்கள் பக்கம் புளி மண்டி, வெல்ல மண்டி, தானியக் கிடங்கு வைத்திருப்பவர்களுக்கு எலித்தொல்லை தீராத தலைவலி. கருத்தடை ஆன பூனை இரண்டு தருகிறோம், தினமும் தீனியும் தண்ணீரும் வைக்க வேண்டும், எலி மருந்து மட்டும் வைக்கவே கூடாது என்று பேசுங்கள். விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் போய்விடும். மண்டிக்குப் போனதும் இரண்டு மூன்று வாரம் ஒரு அறையில் அடைத்துத் தீனி போட்டுப் பழக்கிய பிறகுதான் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ராத்திரியே வழி தெரியாமல் ரோட்டுக்கு ஓடிவிடும்.

கருத்தடையில்தான் உங்கள் பணத்தில் பெரும்பகுதி போக வேண்டும் என்பது என் கட்சி. பெட்டை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்பிடிக்கும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும். ஒரு பெட்டையைக் கருத்தடை செய்தால் வருகிற வருஷம் உங்கள் கேட்டில் இரண்டு பெட்டி குறையும். குட்டிக்குக்கூட எடை ஒரு கிலோ வந்தால் பழகிய கை இருக்கும் இடத்தில் செய்யலாம். நம் பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைகளில் மாடு, ஆடுதான் அதிகம், பூனை அறுவையில் பழக்கமுள்ள மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். சிக்கலான கேஸ் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

கேட்டைப் பூட்டினால் பெட்டியை வெளியே வைத்துவிட்டுப் போவார்களே என்பீர்கள். போவார்கள். பராமரிப்பில்லாமல் விட்டுவிட்டுப் போவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று ஒரு பலகை வையுங்கள். அதோடு ஒரு போன் நம்பரும். அந்தப் போனை எடுப்பவர் 'கொண்டுவாங்க' என்றும் 'முடியாது' என்றும் சொல்ல வேண்டாம். 'தாய் எங்கே?' என்று முதலில் கேட்கட்டும். வைக்கோல் போரில் குட்டி கிடக்கிறது என்று அள்ளிக்கொண்டு வருவார்கள், தாய் எலி பிடிக்கப் போயிருக்கும். குட்டிகள் சுத்தமாக, வயிறு நிறைந்து, கூட்டாகத் தூங்கினால் தாய் இருக்கிறது என்று அர்த்தம். தள்ளி நின்று சில மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். தாய்க்கு அங்கேயே தீனி வைத்து, குட்டிகள் பால் மறந்ததும் தாயைக் கருத்தடைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நிஜமாகவே தாயில்லை என்றால், கூப்பிட்டவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ள நீங்கள் பால் பவுடரும் புட்டியும் கொடுங்கள். பசும்பால் வேண்டாம், கழிச்சல் வரும். சில்லிட்டிருக்கும் குட்டிக்குச் சூடேற்றாமல் பால் கொடுக்கக் கூடாது. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல், குப்புறப் படுத்த வாக்கில் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்கப் போனில் ஐந்து நிமிஷம் ஆகும், உங்கள் மனைக்குள் ஒரு கூண்டு மிச்சம்.

கர்ப்பமான பெண் வரலாம். பூனை மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமிதான் பயம். அது மலத்தோடு வெளியே வந்து ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் தொட்டியைச் சுத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். ஆனாலும் அந்த வேலை அவருக்கு வேண்டாம். தோட்டத்து மண்ணைக் கிளறுவது, வேகாத இறைச்சி, கழுவாத கீரை இவற்றிலும் அதே கிருமி இருக்கிறது, அதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள். போன் எடுப்பதற்கும் எடை நோட்டு எழுதுவதற்கும் அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை. அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் பூனைகளோடு வேலை செய்வதைச் சொல்லிவிடட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. ஆறு பேரில் யாராவது வெறிநாய்க்கடித் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்கிறீர்களா? பூனைக்கும் ரேபிஸ் வரும். தினமும் தெருப்பூனையைத் தூக்குகிற கைக்கு அது கட்டாயம். அரசு மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ கேட்டு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அதற்குள் யாரையாவது கடித்தாலோ ரத்தம் வரப் பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு உட்கார வேண்டாம். முன்தடுப்பு போட்டவரும் போகத்தான் வேண்டும், ஊசிதான் குறையும். பூனைகளுக்கும் மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி போட்டு, அந்த எடை நோட்டிலேயே தேதியையும் எழுதி வையுங்கள்.